நெக் டு நெக்கா, நெக் அண்ட் நெக்கா?

சென்ற டிசம்பரில் என் பேத்தியின் பள்ளியில் விளையாட்டு விழா நடந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி ஆண்டு மலருக்கு அந்த விழாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரும் பொறுப்பு அவளிடம் வந்தது. எழுதி முடித்ததும், "தாத்தா, ஒரு தடவை பாருங்களேன்" என்று நீட்டினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். தொடர் ஓட்டம் வந்த இடத்தில் மட்டும் என் பென்சில் நின்றது. சிவப்பு அணியும் நீல அணியும் கடைசிச் சுற்று வரை 'நெக் டு நெக்' ஆக ஓடின என்று எழுதியிருந்தாள்.

"இது 'நெக் அண்ட் நெக்' என்று இருக்கணும் அம்மா" என்றேன்.

"இல்லை தாத்தா, எல்லாரும் 'நெக் டு நெக்'தான் சொல்றாங்க."

உள்ளே போனாள். பழைய பேப்பர் கட்டிலிருந்து ஓர் ஆங்கில நாளிதழை உருவிக்கொண்டு வந்தாள். தேர்தல் செய்தி ஒன்றின் தலைப்பிலேயே, கொட்டை எழுத்தில், 'நெக் டு நெக்' என்று இருந்தது. டிவியில் கிரிக்கெட் பேசுகிறவரும் இப்படித்தான் சொல்கிறாராம். வகுப்பாசிரியையும் இப்படித்தானாம். எதிர்த் தரப்பில் சாட்சிகள் மூன்று. என் தரப்பில் நான் ஒருவன். அதுவும் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கிய ஆள். அவள் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குத் தாத்தா ஆங்கிலம் திருத்தினால் முகத்தில் ஒரு சந்தேகம் வருமே, அது வந்தது.

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கும் என்று தோன்றியதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெரியவர்களுக்கும் இருக்கலாம். எனக்கு இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வேலையில் சேர்ந்த சில வருஷங்களில், 1980களின் நடுவில், ஓர் இரட்டைப் பாதைப் பகுதியில் பழைய மர ஸ்லீப்பர் கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் ஸ்லீப்பர் போடும் வேலை நடந்தது. அப் லைனில் ஒரு கேங், டவுன் லைனில் ஒரு கேங். இரண்டும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறிக்கொண்டிருந்தன. வாராந்தர அறிக்கை எழுதுவது என் வேலை. கிலோமீட்டர் கணக்கு, கட்டைக் கணக்கு எல்லாம் எழுதிய பிறகு, வெறும் எண்ணாக இருக்கிறதே, ஒரு நல்ல வாக்கியம் சேர்ப்போம் என்று ஆசை வந்தது. இரண்டு கேங்கும் 'நெக் டு நெக்' ஆக முன்னேறுகின்றன என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அறிக்கை திரும்பி வந்தது. மேலதிகாரி அந்த 'டு'வைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். பக்கத்து ஓரத்தில் ஒரு படம் வரைந்திருந்தார். இரண்டு குதிரைகள். ஒன்றையொன்று எதிர்நோக்கி, கழுத்தோடு கழுத்து முட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் நகர முடியாமல் நிற்கின்றன! கீழே ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் காகிதம் என் மேஜைக்கு வருவதற்கு முன் அலுவலகத்தில் நாலு பேர் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஒரு மாதம் என்னைக் கண்டால் ஒரு குமாஸ்தா மெல்லக் கனைப்பார். அப்போது எனக்கு அது பெரிய அவமானம். நம் ஊரிலிருந்து வந்து, மராட்டியும் சரியாக வராமல், இந்தியும் அரைகுறையாக இருந்த காலத்தில், ஆங்கிலம் ஒன்றுதான் கையில் இருந்த கருவி. அந்தக் கருவியே கையில் முறிந்தால் எப்படி இருக்கும்? ஒன்றும் புதிதாக எழுதவே கூடாது, வெறும் எண்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வருஷம் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் அந்தப் படத்தை நான் கிழித்துப் போடவில்லை. இன்று யோசித்துப் பார்த்தால், இலக்கணப் புத்தகம் பத்துப் பக்கத்தில் விளக்குவதை அந்த மனிதர் பத்துக் கோட்டில் விளக்கிவிட்டார் என்று தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இந்தத் தொடர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. இரண்டு குதிரைகள் ஒரே திசையில் ஓடுகின்றன. ஒன்று முந்துகிறது என்று சொல்ல முடியவில்லை. இதன் கழுத்தும் அதன் கழுத்தும் ஒரே நேர்க்கோட்டில் போகின்றன. இதுவும் கழுத்து, அதுவும் கழுத்து. அதனால் 'நெக் அண்ட் நெக்'. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்தில் வழங்கும் தொடர் இது.

கழுத்து ஏன் வந்தது, கால் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். பந்தயத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தவர்களுக்குப் புரியும். கால்கள் ஒரே சுழற்சியாகத் தெரியும். கணக்குப் பண்ண முடியாது. நான்கு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரை கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி இழுக்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது அந்த நீண்ட கழுத்துத்தான். இரண்டு குதிரைகள் சமமாக வரும்போது ஒரு பாய்ச்சலில் இதன் தலை முன்னே, அடுத்த பாய்ச்சலில் அதன் தலை முன்னே என்று மாறி மாறித் தெரியும். முடிவுக் கோட்டைத் தாண்டும் அந்தக் கணத்தில் எந்தத் தலை நீட்டியிருந்ததோ அதற்கு வெற்றி.

பந்தயக்காரர்கள் தூரத்தையே குதிரையின் உடம்பால்தான் அளக்கிறார்கள். மூக்கு, தலை, கழுத்து, அரை நீளம், ஒரு நீளம் என்று போகும். ஒரு நீளம் என்பது குதிரையின் நீளம், சுமார் 8 அடி. கழுத்து என்பது அதில் ஏறக்குறைய கால் பங்கு. ரயில்வேக்காரனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. போட்டுப் பார்த்தேன். பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் நொடிக்கு 16.7 மீட்டர். ஒரு நீளத்தைக் கடக்க நொடியில் ஏழில் ஒரு பங்கு. ஒரு கழுத்தைக் கடக்க நொடியில் முப்பதில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் வித்தியாசம்!

நம் புனேக்காரர்களுக்கு இது ஏதோ இங்கிலாந்து சமாசாரம் இல்லை. கேம்ப் பக்கம், எம்ப்ரஸ் கார்டனுக்கு அருகில் இருக்கும் ரேஸ் கோர்ஸ் 1830ல் ஏற்பட்டது. ராணுவ நிலம், பந்தயங்களை நடத்துவது ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப். குளிர்காலத்தில் மும்பை மகாலட்சுமியில் பந்தயம், மழைக்காலத்தில் புனேயில் பந்தயம் என்பது நெடுநாள் வழக்கம்.

நம்மில் பாதிப் பேர் ஏறி இறங்கிய டெக்கான் குவீனுக்கும் இந்த ரேஸ் கோர்ஸுக்கும் உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1930 ஜூன் 1ஆம் தேதி ஜி.ஐ.பி. ரயில்வே அந்த வண்டியைப் பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே விட்டது. காட் பகுதியில் மின்சார வண்டி ஓடத் தொடங்கிய சமயம் அது. முதலில் அது தினசரி வண்டி அல்ல. வாரக் கடைசி வண்டி. பம்பாயின் பணக்காரர்களைப் பூனா குதிரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. ஏழு பெட்டிகள் கொண்ட இரண்டு ரேக்குகள். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் மட்டும்தான். மூன்றாம் வகுப்பு 1955ல்தான் வந்தது. மாதாந்தர பாஸில் மும்பைக்கும் புனேக்கும் ஓடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள், குதிரை பார்க்கப் போனவர்களின் வண்டியில்தான் போய் வருகிறார்கள்!

(நானும் ஒரே ஒரு முறை அந்த மைதானத்துக்குப் போயிருக்கிறேன், ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரோடு. பணம் கட்டவில்லை. இந்த இதழை என் மனைவியும் படிப்பதால் இதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன்.)

சரி, இவ்வளவு தெளிவான படம் இருக்கும்போது 'டு' எங்கிருந்து வந்து நுழைந்தது?

ஆங்கிலத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. 'ஃபேஸ் டு ஃபேஸ்', 'ஷோல்டர் டு ஷோல்டர்', 'பேக் டு பேக்', 'பம்பர் டு பம்பர்' என்று வரிசையாக 'டு' போட்ட தொடர்கள் இருக்கின்றன. அந்த வரிசையில் கழுத்தையும் நிறுத்திவிடுகிறோம். எல்லாவற்றையும் விட முக்கியமான குற்றவாளி 'ஹெட் டு ஹெட்'. டென்னிஸிலும் கிரிக்கெட்டிலும் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதிய கணக்கை அப்படிச் சொல்வார்கள். அது சரியான தொடர். தலைக்கு 'டு' உண்டு என்றால் கழுத்துக்கும் உண்டு என்று நாக்கு முடிவு செய்துவிடுகிறது.

இன்னொரு காரணம் நம் தாய்மொழி. நேருக்கு நேர், சரிக்குச் சரி, பல்லுக்குப் பல் என்று 'க்கு' போட்டு இரட்டிப்பது தமிழுக்குப் பழக்கம். மராட்டியிலும் தோளோடு தோள் என்பதற்கு 'காந்த்யாலா காந்தா' என்பார்கள். அந்த 'லா'தான் நம் 'க்கு'. வீட்டில் தமிழும் தெருவில் மராட்டியும் பேசுகிற பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் 'டு' வந்து காதில் ஏறுகிறது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். பேத்திக்கு இதைத்தான் சொன்னேன்.

ஒரே லைனில் இரண்டு பெட்டிகள் நிற்கின்றன. இதன் பஃபர் அதன் பஃபரைப் பார்த்து நிற்கிறது, தொட்டும் நிற்கிறது. இது 'பஃபர் டு பஃபர்'. எதிரெதிரே இருக்க வேண்டும், அல்லது தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அங்கே 'டு' வரும். முகம் முகத்தைப் பார்க்கிறது, முதுகு முதுகைத் தொடுகிறது, தோள் தோளை உரசுகிறது. பல்கலைக்கழகச் சந்திப்பில் மாலை ஆறு மணிக்குக் கார்கள் நிற்கும் கோலம் 'பம்பர் டு பம்பர்'.

இன்னொரு காட்சி. மும்பைக்குப் போகும்போது கல்யாண் தாண்டினால் பக்கத்து லைனில் லோக்கல் ஒன்று நம்மோடு வரும். இரண்டும் ஒரே திசை. ஜன்னலில் இருக்கும் ஆளின் முகம் தெரியும். கொஞ்ச நேரம் அவரும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போவோம். இரண்டு வண்டிகளும் தொடவில்லை. தொட்டால் விபத்து! எதிரெதிரே வரவும் இல்லை. தனித்தனி லைன், ஒரே போக்கு, ஒரே மட்டம். இதுதான் 'நெக் அண்ட் நெக்'. பந்தயத்திலும் இப்படியே. பக்கத்துக் குதிரையின் மேல் இடித்தால் ஜாக்கியை விசாரிப்பார்கள்.

ஒரே லைன் என்றால் 'டு', இரண்டு லைன் என்றால் 'அண்ட்'. மரபுத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மரபுத் தொடர் என்பது பொறியியல் அல்ல. இந்த ஒன்றை நினைவில் வைக்க இது போதும்.

தமிழில் இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. எண்ணும்மை என்று பள்ளியில் படித்திருப்போம். அவனும் இவனும், இரவும் பகலும் என்று இரண்டு பக்கமும் 'உம்' வருவது. கையும் களவுமாகப் பிடிபட்டான், தாயும் பிள்ளையுமாக வந்தார்கள் என்கிறோம். அந்த அச்சில் வார்த்துப் பாருங்கள்: 'கழுத்தும் கழுத்துமாக' ஓடின. அந்த 'உம்'தான் ஆங்கிலத்தின் 'அண்ட்'. 'கழுத்துக்குக் கழுத்து' என்றால் ஏதோ பழிக்குப் பழி வாங்குவது போல இருக்கிறது, இல்லையா? தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லித்தரத் தமிழே உதவுகிறது. வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று பயப்படும் பெற்றோர் நம் ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

தொடர் தெரிந்துவிட்டால் போதாது. எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு.

இது ஓட்டத்தின் நடுவில் சொல்கிற சொல். போட்டி நடந்துகொண்டிருக்கிறது, யார் ஜெயிப்பார் என்று தெரியவில்லை. அப்போதுதான் இது பொருந்தும். 'அவன் நெக் அண்ட் நெக்காக ஜெயித்தான்' என்று எழுதக்கூடாது. ஜெயித்துவிட்டால் சமம் போய்விட்டதே. மயிரிழையில் ஜெயித்தால் 'பை எ நெக்', அதாவது ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தான் என்று எழுதலாம். அதைவிடக் குறைவு என்றால் 'பை எ நோஸ்'. 2008 ராஜஸ்தான் சட்டசபைத் தேர்தலில் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அதுதான் மூக்கு வித்தியாசம்.

ஒருவரைப் பற்றி மட்டும் இதைச் சொல்ல முடியாது. 'ராஜு நெக் அண்ட் நெக்காக ஓடினான்' என்றால், யாரோடு என்று கேட்கத் தோன்றும். இரண்டு பேரையும் சொல்ல வேண்டும், அல்லது 'வித்' போட்டு இன்னாரோடு என்று முடிக்க வேண்டும்.

அடுத்தது இணைப்புக் கோடு, ஆங்கிலத்தில் ஹைஃபன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் மூன்று சொல்லையும் கோடு போட்டு இணைக்க வேண்டும்: 'எ நெக்-அண்ட்-நெக் ரேஸ்'. வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் கோடு வேண்டாம்: 'தே வேர் ரன்னிங் நெக் அண்ட் நெக்'. அச்சில் வந்த பெரிய புத்தகங்களிலேயே இதில் சறுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதற்காகப் பிள்ளைகளைத் தலையில் குட்ட வேண்டியதில்லை.

'க்ளோஸ் நெக் அண்ட் நெக் காம்பெடிஷன்' என்றும் எழுதுகிறார்கள். நடு சென்டர் மாதிரிதான். நெருக்கமான போட்டி என்பது உள்ளேயே இருக்கிறது. வெளியே இன்னொரு 'க்ளோஸ்' எதற்கு?

'ஹெட் டு ஹெட்' வேறு, இது வேறு என்று சொன்னேன். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் வேறுபாடு நன்றாக விளங்கும். இரண்டு ஆட்டக்காரர்கள் இறுதிப் போட்டியில் 'ஹெட் டு ஹெட்' ஆக மோதுகிறார்கள்; மூன்றாவது செட் வரை இருவரும் 'நெக் அண்ட் நெக்'. முதலாவது அவர்கள் எதிரெதிர் நிற்பதைச் சொல்கிறது. இரண்டாவது அவர்களின் புள்ளிகள் சமமாக ஓடுவதைச் சொல்கிறது.

குதிரை லாயத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இன்னும் சில தொடர்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். இவற்றிலும் நாம் வழுக்குவது உண்டு.

'டெட் ஹீட்' என்பதைக் கடுமையான போட்டி என்ற பொருளில் எழுதுகிறார்கள். அப்படியல்ல, முடிவுக் கோட்டில் துளி வித்தியாசமும் இல்லாமல் இருவரும் சமம் என்பதுதான் பொருள். 'ஹீட்' என்பது பந்தயத்தின் ஒரு சுற்று. வெற்றியாளர் இல்லாததால் அந்தச் சுற்று செத்தது, செல்லாது. 2017 மும்பை மாநகராட்சித் தேர்தலில் ஒரு வார்டில் இரண்டு வேட்பாளர்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் வாக்கு. சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தார்கள். அது அசல் 'டெட் ஹீட்'.

'டார்க் ஹார்ஸ்' என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'கறுப்புக் குதிரை' என்று மொழிபெயர்ப்பதைப் படித்திருப்பீர்கள். குதிரை வெள்ளையாகவும் இருக்கலாம்! இங்கே 'டார்க்' என்றால் நிறமல்ல, இருட்டில் இருப்பது, யாருக்கும் அதன் திறமை தெரியாதது. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான டிஸ்ரேலி 1831ல் எழுதிய 'தி யங் ட்யூக்' நாவலில், யாரும் எதிர்பார்க்காத ஒரு குதிரை பந்தயத்தில் ஜெயிக்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. எதிர்பாராத வெற்றியாளர் என்று தமிழில் எழுதினாலே போதும்.

'ஃப்ரீ ரெயின்' என்பதில் எழுத்துப் பிழை வரும். முழு சுதந்திரம் கொடுப்பது. குதிரையின் கடிவாள வாரைத் தளர்த்திவிடுவதிலிருந்து வந்தது. ஆகவே எழுத்துகள் ஆர்-ஈ-ஐ-என். நடுவில் 'ஜி' போட்டால் அரசாட்சி ஆகிவிடும். ஏ போட்டால் மழை. மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான்; மூன்றும் சரியான சொற்கள் என்பதால் கம்ப்யூட்டர் பல சமயம் பிழை காட்டாது; நாம்தான் பார்க்க வேண்டும்.

'ஹேண்ட்ஸ் டவுன்' என்பது சுலபமான வெற்றி. வெற்றி நிச்சயம் என்று தெரிந்த ஜாக்கி கடைசியில் கைகளைத் தளர்த்திக் கீழே இறக்கிவிடுவான். ஆகவே மூச்சு வாங்க ஜெயித்தவனை இப்படி எழுதக்கூடாது.

'ஃபோட்டோ ஃபினிஷ்' பற்றி ஒரு வார்த்தை, அது என் பிரியமான இயந்திரம் என்பதால். முடிவுக் கோட்டில் வைக்கும் அந்தக் கேமரா நாம் கல்யாணத்தில் எடுக்கும் கேமரா மாதிரி அல்ல. மெல்லிய ஒரு பிளவின் வழியாகக் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். பழைய கேமராக்களில் பிளவின் பின்னால் ஃபிலிம் நகர்ந்துகொண்டே இருந்தது. படத்தில் இடமிருந்து வலமாகத் தெரிவது தூரம் அல்ல, நேரம். யார் எப்போது கோட்டைத் தொட்டார் என்பது அப்படியே பதிவாகிவிடும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது நொடியில் நூறில் ஒரு பங்கில். ருமேனியாக்காரப் பெண்ணுக்கு 55.41, உஷாவுக்கு 55.42. எங்கள் குவார்ட்டர்ஸில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் ஓட்டத்தில் கழுத்து கணக்கில் கிடையாது. தலையும் கிடையாது, கையும் கிடையாது. உடம்பின் நடுப்பகுதி கோட்டைத் தொடும் நேரம்தான் கணக்கு. ஆனாலும் ஓட்டக்காரிகளைப் பற்றி எழுதும்போதும் 'நெக் அண்ட் நெக்' என்றுதான் எழுதுகிறோம். குதிரையின் கழுத்தைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

இனி, பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். லேசான கேள்வி அல்ல அது. "இந்தியாவில் எல்லாரும் 'டு' என்று சொன்னால் அதுதானே தாத்தா இந்திய ஆங்கிலம்? நீங்கள் ஏன் இங்கிலாந்துக்காரன் சொல்வதைக் கேட்கணும்?"

பாதி நியாயம் இருக்கிறது. 'ப்ரீபோன்' என்று நாம் உண்டாக்கிய சொல்லை ஒரு காலத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இன்று அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது. அது ஒரு தேவைக்காகப் பிறந்த சொல். தள்ளிப் போடுவதற்கு ஒரு சொல் இருக்கிறது, முன்னால் கொண்டுவருவதற்கு ஒரு சொல் வேண்டாமா? 'நெக் டு நெக்' அப்படி இல்லை. புதிதாக ஒன்றையும் சொல்லவில்லை. இருந்த படத்தைக் கலைத்துவிட்டு, குதிரைகளை எதிரெதிரே திருப்பி நிறுத்துகிறது. ஒருவேளை இன்னும் ஐம்பது வருஷத்தில் அகராதிக்காரர்களும் ஏற்றுக்கொள்ளலாம். நான் இருக்க மாட்டேன், எனக்குக் கவலையில்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளை எழுதுவதைப் படித்து மதிப்பெண் போடுகிறவர், நாளைக்கு அவள் வேலை விண்ணப்பத்தைப் படிக்கிறவர், அகராதியை வைத்துத்தான் பார்ப்பார். பேச்சில் யாராவது 'டு' என்றால் நான் திருத்துவதில்லை. கனைத்த குமாஸ்தா நினைவுக்கு வருவார். எழுத்தில் விடுவதில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை. தன் செல்போனில் அகராதியைத் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்து 'டு'வை அழித்தாள். 'அண்ட்' என்று எழுத இடம் போதவில்லை. பொடி எழுத்தில் நுழைத்தாள். பிறகு, "நடுவில் கோடு போடணுமா தாத்தா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

பிள்ளைகள் செய்து பார்க்க நான்கு வாக்கியங்களைத் தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். பெற்றோர் விடையை மறைத்துக்கொள்ளவும்.

ஒன்று: கடைசி ஓவர் வரை இரண்டு அணிகளும் சரிசமமாக இருந்தன. இரண்டு: எங்கள் அணி ஒரே ஓட்டத்தில் ஜெயித்தது. மூன்று: இரண்டு மாணவிகளும் 487 மதிப்பெண் வாங்கி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு: புதிதாக வந்த பையன் சதுரங்கப் போட்டியில் எல்லோரையும் தோற்கடித்தான்; அவன் ஆடுவான் என்றே யாருக்கும் தெரியாது.

முதலாவதற்கு 'நெக் அண்ட் நெக்', கோடு இல்லாமல். இரண்டாவதற்கு 'நெக் அண்ட் நெக்' வராது, போட்டி முடிந்துவிட்டது. 'பை எ நோஸ்' என்று எழுதலாம், கிரிக்கெட் என்பதால் 'பை ஒன் ரன்' என்று நேராக எழுதினால் இன்னும் நல்லது. மூன்றாவது 'டெட் ஹீட்'. நான்காவது 'டார்க் ஹார்ஸ்'. பையன் என்ன நிறமாக இருந்தாலும்.